சனிக்கு ஓர் உபயதாரர்

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் ஏழு சுவர்க் கடிகாரங்கள் இருந்தன. ஏழும் ஏழு நேரம் காட்டும். ஆனால் விஞ்ஞானப் பாடத்துக்கு ஒரு பூதக்கண்ணாடி கிடையாது. அறுபதுகளில், பிறந்த ஊரான காஞ்சிபுரத்திலேயே, அரசாங்கப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியனாக வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்கு விளங்கவே இல்லை. பூதக்கண்ணாடியைவிடக் கடிகாரம் விலை கூடிய பொருள். அதைக் கொடுத்தவர்கள் இதைக் கொடுக்க மாட்டார்களா?

மாட்டார்கள். பூதக்கண்ணாடியில் பெயர் எழுத இடம் இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களைக் கஞ்சர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கோயில் ஊரில் பிறந்தவர்களுக்குக் கொடை என்றால் அது கண்ணில் படும் உயரத்தில் இருக்க வேண்டும். ‘உபயம்’ என்று தொடங்கி, பெயர், தகப்பனார் பெயர், கடை, தெரு எல்லாம் அதில் அடங்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தில் இதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது. எங்கள் ஆறாம் வகுப்புக் கடிகாரத்தில் மூன்று மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஒரு ஜவுளிக்கடைக்காரரின் குடும்பமே குடியிருந்தது. அந்த நேரங்களைப் பையன்கள் உத்தேசமாகத்தான் சொல்வார்கள். சோதனைக் குழாயில் எதை எழுதுவது? எழுதினாலும் அது உடையும் பொருள். தன் பெயர் உடைவதை யார் விரும்புவார்கள்?

அந்த நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு ஊரே சேர்ந்து சீர் செய்கிற வழக்கம் ஒன்று இருந்தது. மாநாடு என்று பெயர். பார்க்கக் கல்யாணம் போல இருக்கும். பெஞ்சு, கரும்பலகை, மணி, தண்ணீர்த் தவலை எதுவானாலும், கொடுப்பவர் அதைத் தட்டில் வைத்து, தட்டில் அடங்காவிட்டால் ஆள் வைத்துத் தூக்கி, நாகஸ்வரத்தோடு ராஜ வீதிகளைச் சுற்றி ஊர்வலமாகப் பள்ளிக்குக் கொண்டுவருவார். கல்வி அதிகாரி வந்து பெற்றுக்கொள்வார். அந்த வருஷம் எங்கள் பள்ளியின் முறை.

எனக்கு வேண்டியிருந்தது ஓர் அறை. கிழக்கு வரிசையின் கடைசியில் ஒன்று பூட்டிக் கிடந்தது. உள்ளே கால் உடைந்த பெஞ்சுகளும் வௌவால்களும். அதை விஞ்ஞான அறையாக ஆக்கிவிட்டால், நான் கரும்பலகையில் வரைந்த சாராய அடுப்பைப் பார்த்து, கரும்பலகையில் வரைந்த தண்ணீர் கொதிப்பதாக நம்ப வேண்டிய தொல்லை பையன்களுக்குத் தீரும். ஆனால் அந்த அறைக்கு எனக்கு முன்பே மனுப் போட்டிருந்தார் டிராயிங் மாஸ்டர். சைக்கிள் வைத்திருக்கும் ஆசிரியர்கள் சார்பில், சைக்கிள் நிறுத்த. அவர் அந்த வருஷம்தான் பச்சை நிறத்தில் ஒரு புது சைக்கிள் வாங்கியிருந்தார். அது மழையில் நனைந்தால் அவருக்குத் தும்மல் வரும்.

எங்கள் தலைமையாசிரியர் இரண்டு விஷயங்களுக்குப் பயப்படுவார். ஒன்று ஆடிட், இன்னொன்று முடிவு எடுப்பது. இரண்டு மனுக்களையும் பார்த்துவிட்டு, யாரையும் நோகடிக்காத ஒரு வழியைக் கண்டுபிடித்தார்.

“மாநாட்டுக்குள்ள அந்த ரூம்ல வெக்கிறதுக்கு ஊர்க்காரங்க கிட்ட ஏதாவது வாங்கு. அதிகாரி வந்து தெறந்து வெக்கிற மாதிரி முழுசா இருக்கணும். இருந்தா ரூம் உனக்கு. ஒண்ணு கொறஞ்சாலும் சைக்கிளுக்கு.”

ஊர்க்காரர்களிடம் என்ன கேட்பது என்பதுதான் கேள்வி. விடை பத்தாம் வகுப்பில் கிடைத்தது. சூரிய குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன். கருவி இல்லாததால் பையன்களையே கிரகங்களாக மைதானத்தில் நிறுத்தியிருந்தேன். புளூட்டோவாக நின்ற பையன் தூரம் அதிகம் என்பதை உத்தேசித்துக் கேட்டைத் தாண்டிப் போய்க் கமர்கட் வாங்கிக்கொண்டிருந்தான். அவனைத் திரும்பச் சூரிய குடும்பத்தில் சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோன்றியது. ஒரு சூரியன், ஒன்பது கிரகங்கள். ஆக மொத்தம் பத்து உருண்டை, பத்துப் பீடம், பத்துப் பெயர்ப் பலகை. சோதனைக் குழாய்க்குப் பெயர் இல்லை, கிரகத்துக்கு உண்டு. பக்கத்தில் உபயதாரர் பெயரும் உண்டு. நடுவில் சூரியனாக ஒரு மின்விளக்கு. அதைச் சுற்றி நீளநீளமான இரும்புக் கைகளில் கிரகங்கள். கையால் தள்ளினால் சுற்றும். ஊர்வலத்தில் ஒவ்வொருவரும் தத்தம் கிரகத்தைத் தட்டில் ஏந்தி வரலாம். அறைக்கு ஆசைப்பட்டு நான் போட்ட திட்டங்களில் மூளையைச் செலவிட்டது இது ஒன்றுதான். அந்த மூளை நவக்கிரகங்களைக் காலையும் மாலையும் சுற்றி வருகிற ஊரில் வளர்ந்தது என்பதை எப்படி மறந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

வேலை நன்றாகத்தான் தொடங்கியது. பத்தாம் வகுப்புப் பையன்கள் பாதிப் பேர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். எதை எதில் கோத்தால் எது சுற்றும் என்பது சொல்லாமலே தெரியும். தறிச் சாமான் கடைந்து கொடுக்கும் தச்சர் மர உருண்டைகள் கடைந்து கொடுத்தார். வர்ணம் அடிக்க டிராயிங் மாஸ்டர் ஒப்புக்கொண்டார். அறை தனக்கே வரப்போகிறது என்ற நம்பிக்கையில் அவரால் தாராளமாக இருக்க முடிந்தது.

முதலில் போனது ஊரின் பெரிய பட்டு வியாபாரியிடம். பெற்றோர் சங்கத் தலைவரும் அவர்தான். படம் போட்டுக் காட்டினேன்.

“நடுவுல இருக்குதே, அது இன்னா?”

“சூரியன்.”

“மத்ததெல்லாம் அத்தத்தான் சுத்தி வருதா?”

“ஆமாம்.”

“அப்ப அது நம்மளுது” என்று எழுந்துவிட்டார். பேரம் அவ்வளவுதான்.

சூரியனை அவர் எடுத்துக்கொண்டார் என்ற செய்தி பரவியதும் நான் தெருத்தெருவாக அலைய வேண்டிய வேலை இல்லாமல் போயிற்று. வீட்டுக்கே வந்தார்கள். குருவுக்கு மூன்று பேர் போட்டி. மூவரில் யாரைப் பகைத்துக்கொண்டாலும் ஊரில் மூன்றில் ஒரு பங்கு பகையாகும் என்பதால், கோயிலில் சீட்டுக் குலுக்கிப் போட்டோம். மளிகைக் கடைக்காரருக்கு விழுந்தது. சுக்கிரனை ஒரு நகைக்கடைக்காரரும், புதனை மகன் எஸ்.எஸ்.எல்.சி.யை மூன்றாம் தடவையாக எழுதவிருந்த ஒருவரும் வாங்கிக்கொண்டார்கள். செவ்வாய்க்கு ஆள் கிடைக்காதோ என்று பயந்தேன். மகளுக்குச் செவ்வாய் தோஷம் என்று வரன் தட்டிக்கொண்டே போன ஒரு தகப்பனார் கண்கலங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அறை திறந்தபிறகு செவ்வாய்தோறும் பெண் வந்து ஒரு முழம் பூ வைக்கலாமா என்று மட்டும் கேட்டார். தலைமையாசிரியர் இதற்கும் முடிவு சொல்லவில்லை.

முசரவாக்கத்திலிருந்து ஒரு பையனின் தகப்பனார் மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். “நெலம் வெச்சிருக்கறவன் நானு. பூமிய வேற எவனுக்கோ எழுதிட்டியாமே” என்று சண்டைக்கே வந்துவிட்டார். எழுதவில்லை என்று தெரிந்ததும் சாந்தமாகி, அதில் முசரவாக்கம் தெரிய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். டிராயிங் மாஸ்டர் கலைஞர்; கேட்டதைச் செய்வார். விளாம்பழம் அளவு பூமியில் முசரவாக்கம் இலங்கைத் தீவின் அளவுக்கு வந்திருந்தது.

யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றையும் யாருக்கும் தெரியவில்லை. எந்தக் கோயிலில் இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். கூட்டுறவுச் சங்கத்தின் செயலாளர் மட்டும் ஆழமாக விசாரித்தார்.

“இவங்க மூணு பேரும் இன்னா செய்வாங்க சார்?”

“ஒன்றும் செய்ய மாட்டார்கள்.”

“நல்லதும் கெடையாது, கெட்டதும் கெடையாது?”

“கிடையாது.”

“நம்ம சொசைட்டிக்கு ஏத்ததுபா” என்று மூன்றையும் எழுதிக்கொண்டார்.

ஒரு பெரியவர் ராகுவையும் கேதுவையும் சேர்த்துக் கேட்டு வந்தார். விஞ்ஞானத்தில் அவர்கள் இல்லை என்றேன். அவ்வளவு படித்தும் ரெண்டு பேரைத் தொலைத்துவிட்டீர்களே என்ற பரிதாபத்தோடு பார்த்துவிட்டுப் போனார்.

மிஞ்சியது சனி.

இதில் வேடிக்கை என்னவென்றால், பத்திலும் பார்க்க அழகானது சனிதான். அன்றைக்குத் தெரிந்தவரை வளையம் உள்ள கிரகம் அது ஒன்றுதானே. நெசவாளர் பேட்டையான பிள்ளையார்பாளையத்துப் பையன்கள் மூங்கில் பத்தையை வளைத்து, வீட்டில் மீந்த ஜரிகைத் துணுக்குகளைக் கொண்டுவந்து, தறிப் பாவுக்கு நூல் சுற்றுகிற பொறுமையோடு இழை இழையாகச் சுற்றி வளையம் செய்திருந்தார்கள். வெயிலில் காட்டினால் கண் கூசும். அந்த ஜரிகையைத் தன் புடவையில் பார்த்திருந்தால் எந்தப் பெண்ணும் விடமாட்டாள். அதற்குக் கீழே பெயர் போட ஓர் ஆண்பிள்ளை ஊரில் இல்லை.

கேட்ட இடமெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். என்னை அல்ல. பட்டு வியாபாரி, எட்டு கிரகத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன, லட்சுமியும் எட்டுப் பேர்தானே என்றார். ஆனால் அழைப்பிதழில் ஒன்பது என்று அச்சாகிவிட்டது. தவிர, வரப்போகும் அதிகாரி பி.எஸ்ஸி. படித்தவர்; எண்ணிப் பார்ப்பார். நானே கொடுத்துவிடுகிறேன் என்று தலைமையாசிரியரிடம் சொன்னேன். கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே ஆளாக இருந்தால் ஆடிட்டில் கேட்பார்கள் என்றார். வீட்டில் என் அம்மா இன்னும் தெளிவாகச் சொன்னாள்.

“ஒனக்கே ஏழரை நடக்குது. அவரு ஏற்கெனவே வந்து ஒக்காந்துக்கினு இருக்காரு. நீ தட்டு வேற வெச்சி அழைக்கப் போறியா?”

தையற்கடை வைத்திருந்த ஒரு கறுப்புச் சட்டைக்காரர்மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. கடவுளையே கேள்வி கேட்பவர் கிரகத்துக்குப் பயப்படுவாரா? பயப்படவில்லை. “சனியாவது கினியாவது, எழுதுப்பா எம்பேர” என்று தெருவே கேட்கச் சொன்னார். நாலு பேர் கைதட்டினார்கள். மறுநாள் காலை ஆள் அனுப்பியிருந்தார். மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்களாம். மாப்பிள்ளை வீட்டார் அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார்களாம். கொள்கை வேறு, சம்பந்தி வேறு. சார் தப்பாக நினைக்கக் கூடாதாம். நான் தப்பாக நினைக்கவில்லை. எனக்கும் ஒரு அம்மா இருக்கிறாள்.

மாநாட்டுக்குச் சில நாட்களே இருந்தன. டிராயிங் மாஸ்டர் கடைசி அறைக்குள் டேப்பைப் பிடித்துக்கொண்டு, எத்தனை சைக்கிள் கொள்ளும் என்று அளந்துவிட்டார். தினமும் காலையில் கையெழுத்துப் போடும்போது என்னிடம் அன்பாக விசாரிப்பார்: “சனி வந்துட்டாரா?” நான் இல்லை என்பேன். “வருவாரு, வருவாரு. அவரு நிதானமாத்தான் வருவாரு” என்று ஆறுதல் சொல்வார். அடுப்பு, குழாய், தராசு என்று நான் அந்த அறைக்காக வைத்திருந்த கனவுகள் ஒவ்வொன்றாக ஸ்டாண்டு போட்டு நிற்கத் தொடங்கின.

ஒரு நாள் மத்தியானம் இடைவேளையில் இரண்டு பெண்கள் வந்து வராந்தாவில் நின்றார்கள். தலையிலும் புருவத்திலும் தவிட்டுத் தூள். ஸ்டேஷன் பக்கத்து ரைஸ் மில்லில் நெல் அள்ளுபவர்கள். மில்லுக்குப் பின்னால் இருந்த தெரு அவர்களுடையது. ஊரார் அதைத் தெரு என்று சொல்ல மாட்டார்கள். அதற்கு வேறு பெயர் வைத்திருந்தார்கள். நன்கொடைக்கு என்று தலைமையாசிரியர் வகுத்துக் கொடுத்த தெருக்களில் அது இல்லை. கொடுக்க அவர்களிடம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. இருவரில் மூத்தவளின் மகன் என் பத்தாம் வகுப்பில் படித்தான். பிள்ளையார்பாளையத்துப் பையன்களோடு சேர்ந்து அவனும் ஜரிகை சுற்றியிருந்தான்.

“சார், பையன் சொன்னான். ஒரு கெரகம் மீந்து போச்சாமே.”

எந்தக் கிரகம் என்று அவளிடம் சொல்லாமல் தலையில் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சொன்னேன். அதையும் பையன் சொல்லிவிட்டான் என்றாள். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“அவரோட இத்தினி வருசமா ஒரே வூட்லதான சார் குடித்தனம். புதுசா இன்னா பண்ணிடப் போறாரு?”

கூட வந்தவள் மாதா கோயிலுக்குப் போகிறவள். தனக்கு அவரும் ஒன்றுதான், மற்ற எட்டுப் பேரும் ஒன்றுதான் என்று சிரித்தாள். செலவைத் தெருவே சேர்ந்து ஏற்றுக்கொள்ளும் என்றும், வீட்டுக்கு வீடு பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம் என்றும் சொன்னார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் உடனே சரி என்று சொல்லி அனுப்பிவிட இருந்தேன். மூத்தவள் நகரவில்லை.

“ஒண்ணு கேட்டுக்கறேன் சார். மத்தவங்க எப்பிடி வர்றாங்களோ அப்பிடியே நாங்களும் வருவோம். ராஜ வீதி சுத்திக்கினு, மேளத்தோட, அவரவர் எடத்துல. பலகைல எங்க தெரு பேரு போடணும். தெருன்னு போடணும்.”

அப்படி இல்லையென்றால்?

“அப்பிடி இல்லன்னா வேற ஆள பாத்துக்குங்க சார்” என்றாள். கோபமே இல்லை. பட்டு வியாபாரி விலை சொல்கிற தொனிதான்.

அன்று சாயங்காலமே தலைமையாசிரியர் அறையில் பேச்சு. பட்டு வியாபாரி கெட்ட மனிதர் அல்ல. அந்தப் பெண்கள் கொடுப்பது ரொம்ப நல்ல காரியம் என்றார், மனதாரத்தான் சொன்னார். ஆனால் ராஜ வீதி முழுக்கச் சுற்றுவானேன், பாவம், நேராகப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடட்டுமே என்றார். வெயில் கொளுத்துகிறது, இவ்வளவு தூரம் நடந்தால் கால் பொத்துப் போகும் என்றார். மற்றவர்களின் கால்களைப் பற்றி எங்கள் ஊரில் அவ்வளவு அக்கறையாக யாரும் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், ஊர்வல ஏற்பாட்டைத் தாளில் எழுதிக்கொண்டிருந்த தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தார். அவர் யாரையும் மடக்கிப் பேசியதாகச் சரித்திரம் இல்லை. அன்றும் அவர் விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“சரி. அப்ப ஊர்வலத்துல சனி யாரு கையில வருது? நீங்களே எடுத்துக்கறீங்களா?”

பேனா தயாராக இருந்தது. பட்டு வியாபாரி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் பெயருக்கு நேராகச் சனி என்று விழுவதற்கு அதற்கு ஒரு கணம் போதும் என்பது அவருக்குத் தெரிந்தது. மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“வெயிலு இப்பல்லாம் அவ்ளோ ஒண்ணும் இல்ல” என்றார். “வரட்டும்.”

குருவைச் சீட்டில் ஜெயித்த மளிகைக் கடைக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் ஓடி வந்தார். வரிசைப்படி குருவுக்கு அடுத்தது சனி. நாலு ராஜ வீதியும் சனி தன் முதுகுக்குப் பின்னாலேயே வருவதா என்பது அவர் கவலை. யார் தூக்கி வருகிறார்கள் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். எங்கள் ஊரில் ஒரு மனிதருக்கு அது இரண்டாம்பட்சமாக இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். விஞ்ஞானப்படி இரண்டுக்கும் நடுவில் கோடிக்கணக்கான மைல் தூரம் என்று சமாதானம் சொன்னேன். “அந்தத் தூரத்த ஊர்வலத்துலயும் விட்டுடுங்க சார்” என்றார். விட்டோம். பின்னால் வரவிருந்த கூட்டுறவுச் செயலாளரும் தன் மூவருக்கும் அதே சலுகையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மாநாட்டன்று காலை ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாகஸ்வரம். அதன் பின்னால் சூரியன், கருட சேவைக்குப் பிடிப்பது போன்ற ஒரு குடையின் கீழ். பட்டு வியாபாரி மாப்பிள்ளை மாதிரி வேட்டி கட்டியிருந்தார். புதன், சுக்கிரன், முசரவாக்கத்தோடு கூடிய பூமி, மகளையும் அழைத்து வந்த செவ்வாய், குரு எல்லாரும் நெருக்கியடித்துக்கொண்டு, ஒருவர் தட்டு இன்னொருவர் முதுகில் இடிக்க, தேர் கூட்டத்தில் வருவதுபோல வந்தார்கள். யார் எந்தக் கிரகம் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியவில்லை. குரு மட்டும் அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி, வேகம் வேகமாக முன்னே இடித்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு தெரு காலி.

கொஞ்ச நேரம் வெறும் தெருதான். அடுத்தது எங்கே என்று வீட்டு வாசல்களில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அந்த அகலமான காலியிடத்தின் நடுவில் அவர்கள் வந்தார்கள். இருவராக அல்ல, தெருவிலிருந்த அத்தனை பெண்களும். தவிட்டுத் தூள் ஒரு பொட்டு இல்லை. குளித்து, தலை வாரி, சாமந்தி வைத்து, இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு. மாதா கோயில்காரி தலையில் முக்காடு போட்டிருந்தாள். பெரிய தாம்பாளத்தை மூத்தவள் ஏந்தியிருந்தாள்; கை வலித்ததும் அடுத்தவள் வாங்கிக்கொண்டாள். நடுவில் சனி. முன்னாலும் பின்னாலும் ஆளே இல்லாததால் காலை வெயில் முழுக்க அந்த ஜரிகை வளையத்தின்மீதுதான் விழுந்தது. எட்டு வீடு தள்ளி நின்றவர்களும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். அன்றைய ஊர்வலத்தில் சரியாகக் கண்ணில் பட்ட கிரகம் அது ஒன்றுதான். பயத்தால் விட்ட இடைவெளி ராஜமரியாதை மாதிரி ஆகிவிட்டது.

நான் ஓரமாகப் பையன்களோடு நடந்துகொண்டிருந்தேன். மற்றக் கிரகங்கள் போனபோது உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள், சனி வந்ததும் எழுந்து நின்றதைப் பார்த்தேன். எழாமல் இருக்க யாருக்கும் தைரியம் இல்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கைகூப்பினார்கள். செருப்பைக் கழற்றினார்கள். மற்ற நாட்களில் அந்தப் பெண்கள் அதே தெருவில் நெல் மூட்டைக்குப் பின்னால் போகும்போது ஏறிட்டும் பார்க்காதவர்கள். கும்பிட்டது தட்டில் இருந்தவரைத்தான், தட்டைச் சுமந்தவர்களை அல்ல என்று அவர்கள் பிற்பாடு சொல்லிக்கொண்டிருக்கலாம். ஆனால் மூத்தவள் அதையெல்லாம் பிரித்துப் பார்க்கவில்லை. கும்பிட்டவர்களுக்குத் தலையசைத்து, கல்யாண வீட்டுக்காரி மாதிரி, எல்லாரும் வந்தீர்களா என்று கேட்கிற முகத்தோடு நடந்தாள். அவள் மகன் என் பக்கத்தில் வந்துகொண்டிருந்தான். ஊர்வலத்தில் வரிசை கலையக் கூடாது என்று நானே சொல்லியிருந்ததால் வரிசை தப்பாமல் நடந்தான். ஆனால் வீதி முடியும் வரைக்கும் அவன் கால் தரையில் படவில்லை என்று நினைக்கிறேன்.

பள்ளியில் கிரகங்கள் ஒவ்வொன்றாகக் கைகளில் பொருத்தப்பட்டன. அதிகாரி எண்ணினார், எண்ணுவார் என்று தெரியும். ஒன்பதும் இருந்தன. விளக்கைப் போட்டு, முதல் தள்ளு அவர் கையால். குரு கொஞ்சம் கிறீச்சிட்டது, பூமி தடுமாறியது. வர்ணம் பூசியதிலேயே முசரவாக்கத்தின் பக்கம் கனம் கூடிவிட்டதோ என்னவோ. சனி சத்தமில்லாமல் சுற்றியது. அதிகாரி அதன் முன்னால் நின்று வளையத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பட்டில் போடுகிற ஜரிகைதானே என்று கேட்டார். பிறகு குனிந்து பலகையைச் சத்தமாகப் படித்தார், தெருவின் பெயரை, தெரு என்றே. கடைசி அறையின் வாசலில் இருந்த கூட்டம் கைதட்டியது. பட்டு வியாபாரியும் தட்டினார். டிராயிங் மாஸ்டரும் தட்டினார். அவர் வர்ணம் அடித்த உருண்டையல்லவா. சாயங்காலம் தலைமையாசிரியர் அறைச் சாவியை என் கையில் கொடுத்தார். அவர் வாழ்நாளில் எடுத்த முடிவுகளில் அது ஒன்று. ஊர்க்காரர்கள் எடுத்துக் கொடுத்ததுதான் என்றாலும்.

அந்த அறைக்குள் அடுப்பு வந்தது, தராசு வந்தது, ஒரு வருஷத்துக்குள் குழாய்த் தண்ணீரும் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜத் தண்ணீர் என் பாடத்தில் கொதித்தபோது, ஒரு பையன் கையைத் தூக்கி, புத்தகத்தில் உள்ளபடியே நடக்கிறதே என்று ஆச்சரியப்பட்டான். சேவகம் செய்த இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைத்தான் சான்றிதழாக வைத்திருக்கிறேன்.

அடுத்த ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம். மாநாடு இல்லாத வருஷத்திலும் நன்கொடை கேட்பது உண்டு; அதற்குத் தலைமையாசிரியர் இன்னும் தெருக்களை வகுக்கத் தொடங்கவே இல்லை. நான் மட்டும் அந்த வருஷத்துக்கு இரண்டு சாமான் மனதில் வைத்திருந்தேன். ஒன்று மைக்ராஸ்கோப். இன்னொன்று உடற்கூறு பாடத்துக்கு ஓர் எலும்புக்கூடு. எலும்புக்கூட்டை யார் தலையில் கட்டுவது என்ற யோசனையில் நான் இருந்தபோது, மூத்தவள் வராந்தாவில் வந்து நின்றாள். பின்னால் தெருவிலிருந்து நாலைந்து பேர்.

“இந்த வருசம் இன்னா சார் வாங்கப் போறீங்க?”

இரண்டையும் சொன்னேன். எலும்புக்கூட்டைச் சொன்னபோது என் குரல் கொஞ்சம் இனிப்பாகிவிட்டது போலிருக்கிறது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அத்த பட்டுக்கடைக்காரருக்கு எழுதுங்க சார். எங்களுக்கு அந்தப் பெருசாக் காட்டற கண்ணாடி. மொத பேரா எழுதுங்க.”

எழுதினேன். எலும்புக்கூட்டுப் பேச்சை எடுத்துக்கொண்டு நான் பட்டுக் கடைப் படியேறிய கதை வேறு. அதற்கு அவர் சொன்ன பதில் எழுதத் தக்கதல்ல.